சாமைக்கும் சட்டிக்கும் நடுவே

அன்புள்ள பூங்கொடிக்கு,

உங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் இந்த முறை கல்வராயன்மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் என்று எழுதியிருந்தாய். ஏழு நாளில் செய்யப்போவதையும் வரிசையாகச் சொல்லியிருந்தாய்: பாரம்பரிய உணவு விழிப்புணர்வுப் பேரணி, சுவரொட்டி, சிறுதானியக் கண்காட்சி, கடைசி நாள் சமையல் போட்டி. அதில் எதையும் அடித்துவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எண்ணம் கிடக்கிறது; அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மலைமக்கள் சாமையையும் தினையையும் மறந்துவிட்டார்கள், நாம் போய் நினைவூட்டினால் திரும்பிவிடுவார்கள் என்ற எண்ணம். அவர்கள் எதையும் மறக்கவில்லை அம்மா. ஐம்பது வயதைத் தாண்டிய எந்த மலைப் பெண்ணும் சாமையைப் பற்றி உன் பேராசிரியருக்கே வகுப்பெடுப்பாள். அவர்கள் அதை விட்டது ஒரு கணக்குப் பார்த்துத்தான். அந்தக் கணக்கு பிடிபட்டால் உன் ஏழு நாளும் உருப்படும்.

இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன். வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே அதைவிட உயரமான பெரிய கல்வராயன். ஒரே மலையைக் கள்ளக்குறிச்சியும் சேலமும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஓரங்கள் இன்னும் சில மாவட்டங்களைத் தொடுகின்றன. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று எண்ணிவிடாதே, தமிழ் பேசும் மக்கள். 2011 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 3.58 லட்சம் பேர், தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் மிகப் பெரிய பிரிவு. 1976இல் ஜாகிர் முறை ஒழியும்வரை இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் பெற்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் இங்கே நிலத்துக்கும் அரசுக்கும் நேரடி உறவு வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அந்தத் தாமதத்தைச் சுமந்துகொண்டுதான் மலை ஏறின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது மலையின் பெயர் எல்லாச் செய்தியிலும் அடிபட்டது, சாராயம் காய்ச்சும் இடமாக. சென்னை உயர் நீதிமன்றம் அதையொட்டித் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையையே வழக்காக எடுத்துக்கொண்டது. நியாயமான கேள்வி அதுதான்: அங்கே என்ன காய்ச்சுகிறார்கள் என்பதைவிட அங்கே எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள்.

சாப்பாட்டில் போனது என்ன என்று முதலில் பார்ப்போம். மானாவாரிக் கொல்லையில் சாமை தனிப்பயிராக நின்றது அபூர்வம். ஊடே துவரை, அவரை, மொச்சை, கடுகு, ஓரத்தில் ஆமணக்கு என்று கலந்துதான் விதைப்பார்கள். கேழ்வரகுக் கொல்லையும் அப்படியே. களையெடுக்கப் போன பெண் திரும்பும்போது மடியில் பண்ணைக்கீரையோ தொய்யக்கீரையோ இருக்கும். அன்றைக்குக் குழம்பு அதுதான். நாம் ஒரு தானியம் போய்விட்டது என்கிறோம். உண்மையில் தானியமும் பருப்பும் கீரையும் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாடு நிலத்திலிருந்து எழுந்துபோய்விட்டது. அந்த இடத்தில் இப்போது மரவள்ளி, மக்காச்சோளம். களைக்கொல்லி அடித்த மக்காச்சோளக் காட்டில் கீரை முளைக்காது. வீட்டுக்கு அரிசி ரேஷனில் வந்துவிடுகிறது, பருப்புதான் இடிக்கிறது. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் வகுத்துப் பார், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு கிராம்கூட வராது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு பெரியவருக்குச் சொல்லும் அளவு 80 கிராமுக்கு மேல். கொல்லையில் விளைந்த அவரையும் மொச்சையும் நிரப்பிக்கொண்டிருந்த பள்ளம் இது.

இங்கே உனக்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சிறுதானியம் பற்றிய சுவரொட்டிகளில் பாதி மிகைப்படுத்தல். சாமையில் 100 கிராமுக்கு 9.3 மில்லிகிராம் இரும்பு என்று பழைய அட்டவணைகள் சொல்லின. இன்றும் பல கையேடுகளில் அதுவே ஓடுகிறது. அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது 1.3 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆகவே, 'சாமை தின்றால் ரத்தசோகை தீரும்' என்று எழுதிப் பிடிக்காதே. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. இவ்வளவு பெரிய பிரச்சினையை ஒரு தானியத்தின் தலையில் கட்டுவது நேர்மையில்லை. நிற்கக்கூடிய உண்மைகளே போதுமானவை: தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 100 கிராமுக்கு மூன்று கிராமுக்கும் குறைவு, சாமையில் ஏழுக்கு மேல்; புரதம் அரிசியில் எட்டு, சாமையில் பத்து; கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 360 மில்லிகிராம், அரிசியில் பத்துகூட இல்லை. இவற்றோடு பருப்பும் கீரையும் கூடத் திரும்புவதுதான் முக்கியம். என் வாதம் அந்தக் கலவைக்காக. சாமை அதன் நடுத்தூண் என்பதால் அதைப் பிடித்துப் பேசுகிறேன்.

இனி அந்தக் கணக்கு. சாமை மணியைக் கையில் எடுத்துப் பார். கடுகைவிடச் சற்றுப் பெரிது, மேலே வழவழவென்று ஒட்டிய கெட்டித் தோல். களத்தில் அடித்துத் தூற்றினாலும் அந்தத் தோல் போகாது. வெயிலில் காயவைத்து, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமியை ஊதி, தோல் போகாதவற்றைப் பிரித்து மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கடைசியில் தண்ணீரில் அரித்துக் கல் நீக்கினால்தான் உலையில் போடலாம். குத்துபவள் பெண், புடைப்பவள் பெண், பெரும்பாலும் விடிவதற்கு முன்னால். பிறகு அவளே கொல்லைக்குப் போவாள், விறகுக்குப் போவாள், தண்ணீருக்குப் போவாள். ஆண்கள் கர்நாடக, கேரளக் காபித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் கிளம்பிவிட்ட வீட்டில் அந்த ஒருத்திதான் எல்லாம். ரேஷன் அரிசியைக் கழுவிப் போட்டால் கால் மணி நேரத்தில் சோறு. எந்தப் பேரணியும் இந்த வித்தியாசத்தை வெல்ல முடியாது. அவள் உலக்கையை மூலையில் சாத்தியதைப் பண்பாட்டு இழப்பு என்று மேடையில் வருந்துகிறவர்களில் எத்தனை பேர் ஒரு படி சாமை குத்தியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இது என் ஊகம் மட்டும்தானா என்று நீ கேட்கலாம். கேழ்வரகையும் சாமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டும் ஏழையின் தானியம் என்று ஒரேபோல ஏளனம் பட்டவை, இரண்டும் மானாவாரி, இரண்டுக்கும் இலவச அரிசிதான் போட்டி. ஒரு வேறுபாடு: கேழ்வரகுக்குக் குத்தி நீக்க வேண்டிய அந்தக் கெட்டி உமி இல்லை. அடித்துத் தூற்றி நேரே மாவுமில்லுக்கு எடுத்துப் போகலாம். எந்தச் சிற்றூர் மில்லும் அரைத்துக் கொடுக்கும். 1950களிலிருந்து இந்தியாவில் கேழ்வரகு விதைத்த பரப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. சாமை, தினை, வரகு, குதிரைவாலி உள்ளிட்ட சிறுதானியங்களின் பரப்போ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் களி இன்றும் அன்றாடச் சாப்பாடு. சாமைச் சோறு அந்த ஊர்களிலேயே பண்டிகைப் பேச்சாகிவிட்டது. உமி ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றும் இருக்கின்றன. 2025–26 பருவத்தில் கேழ்வரகுக்குக் குவிண்டால் 4,886 ரூபாய். சாமைக்கும் தினைக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை. விலையும் உமியும் சேர்ந்துதான் சாமையைத் தள்ளின. ஆனால் தன் வீட்டுக்காகவே விதைப்பவளுக்கு விலை இரண்டாம்பட்சம். அவளையும் கைவிடச் செய்தது உமி.

அப்படியானால் இலவச அரிசிதானே குற்றவாளி என்று ஒரு தரப்பு உண்டு. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. மலையில் சிறுதானியம் அதோடு படுத்துவிட்டது, அதைக் குறைத்தால் மக்கள் தாமாகவே பழைய பயிருக்குத் திரும்புவார்கள் என்பார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை, நீயும் ஏற்காதே. பழைய மலை வாழ்க்கையில் அறுவடைக்கு முந்தைய மாதங்கள் பட்டினி மாதங்கள். குதிரில் தானியம் தீர்ந்து, காட்டில் கிழங்கு தோண்டி ஓட்டிய காலம் அது. அந்தப் பட்டினியை விரட்டியது ரேஷன் அரிசி. வயிறு நிறைந்தவன்தான் எதைத் தின்னலாம் என்று யோசிக்க முடியும். அரிசியைப் பிடுங்கினால் மலைப்பெண் மறுபடி உரலுக்குத் திரும்ப மாட்டாள். வட்டிக்கு வாங்கி அரிசி வாங்குவாள். அரிசி இருக்கட்டும், அதன் அருகில் இன்னொன்றும் அதே சுலபத்தோடு வந்து நிற்கட்டும் என்பதுதான் நான் சொல்வது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மரவள்ளி காசு தருகிறது. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அந்தத் தொழிலுக்கே ஒரு சந்தையை அமைத்துக் கொடுத்தது. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப, ஆஸ்பத்திரிக்குப் போக, வீடு கட்டக் காசு வேண்டும். மலைக்காரன் மட்டும் பழைய விதையைக் காத்துக்கொண்டு அருங்காட்சியகக் காவலனாக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு நிலம் கேட்கிறோம் என்று பார்ப்போம். ஐந்து பேர் உள்ள குடும்பம் நாளுக்கு ஒரு வேளை சாமை சாப்பிட்டால் அரைக் கிலோ, ஆண்டுக்கு 180 கிலோ சொச்சம். நூறு கிலோ சாமையில் அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி தேறும்; ஆக உமியோடு 300 கிலோ இருந்தால் தாராளம். திருவண்ணாமலை அத்தியந்தலில் இருக்கும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகச் சிறுதானிய மையம் 2019இல் வெளியிட்ட ஏ.டி.எல்.1 ரகம் மானாவாரியிலேயே ஹெக்டேருக்கு ஒன்றரை டன் அளவுக்குத் தரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. அரை ஏக்கரில் அந்த 300 கிலோ வந்துவிடும். நாட்டு ரகமும் மேட்டு நிலமும் என்றால் அதன் இரட்டிப்பு வேண்டியிருக்கலாம். மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் இரண்டரை ஏக்கரில் மரவள்ளி போட்டுக்கொள்ளலாம். விலை சரிந்த ஆண்டில் வீட்டில் குறைந்தது ஒரு வேளைச் சோறு சந்தையைப் பார்த்து நிற்காது. அரை ஏக்கருக்கும் வழியில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் பொதுச் சமையற்கூடங்கள்தான் வழி, அதற்கு வருகிறேன்.

கொல்லைக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த உமி நீக்கும் வேலையை இயந்திரம் செய்ய வேண்டும், அந்த இயந்திரம் மலைமேல் இருக்க வேண்டும். மலைமேல் என்று அழுத்துவதற்குக் காரணம் உண்டு. உமியோடு இருக்கும் சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. தோலுரித்துத் தவிட்டோடு வைத்தால் சில மாதங்களில் எண்ணெய்ப் பசை காறி வாடையடிக்கும், வண்டு பிடிக்கும். ஆகவே தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் தோலுரிக்க வசதி வேண்டும். சமவெளி ஆலையில் உரித்துப் பையில் அடைத்து மீண்டும் மலை ஏற்றினால் கெடாமல் இருக்கவேண்டி நன்றாகத் தீட்டிவிடுவார்கள். நகரக் கடைகளில் வெள்ளை வெளேரென்று இருக்கும் சாமை அப்படித்தான் வருகிறது. தவிடு போனதும் நார்ச்சத்தில் பெரும்பகுதி போச்சு, பிறகு அரிசியைவிட அது எதில் உயர்ந்தது? தமிழ்நாட்டு மலைச் சாமை நாசிக் ஆலைகள்வரை போய்த் தோலுரிந்து திரும்புவதும் உண்டு. விளைவித்த ஊருக்கு உமிகூட மிஞ்சுவதில்லை. நெல் அரைக்கும் மில்லில் சாமையைப் போட்டாலும் சரிவராது, மணி பொடிசு, பாதி நொறுங்கிவிடும். இதற்கென்றே மணியை வேகமாகச் சுழற்றி வளையத்தில் மோதவிட்டுத் தோலைக் கழற்றும் சிறு இயந்திரங்கள் வந்திருக்கின்றன. மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தின் கோவை மையம் இந்த வேலையில் முன்னோடி.

இயந்திரம் வைத்தால் போதுமா? போதாது என்பதற்குக் கொல்லிமலையே சாட்சி. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே 1990களிலிருந்து வேலை செய்கிறது. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, சடஞ்சாமை என்று ரகம் ரகமாக விதையைத் தேடிச் சேர்த்தது, பெண்கள் குழுக்களிடம் தோலுரிக்கும் இயந்திரங்களைக் கொடுத்தது, மாவும் கலவையும் செய்து விற்கக் கற்றுக்கொடுத்தது. விதைகள் பிழைத்தன, உலக்கைப் பாடு குறைந்தது. மரவள்ளி பின்வாங்கவில்லை. இதைத் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பாதி வெற்றி என்பேன், மீதிப் பாதி எங்கே சிக்கியது என்பதைப் பார்ப்பேன். இயந்திரத்துக்குத் தொடர்ந்து தானியம் வேண்டும், மின்சாரம் வேண்டும், பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். வேலையில்லாத இயந்திரம் துருப்பிடிக்கும். இயந்திரம் நின்றுபோன ஊரில் அடுத்த ஆண்டு யாரும் சாமை விதைக்க மாட்டார்கள். விதைப்பு குறைந்தால் இயந்திரம் மறுபடி சும்மா கிடக்கும். இந்தச் சுற்றை உடைக்க, ஆண்டு முழுக்கத் தவறாமல் வாங்கும் ஒரு கை வேண்டும்.

அந்தக் கை மலையிலேயே இருக்கிறது. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், அங்கன்வாடிகள், காலை உணவுத் திட்டம். 200 பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் வாரம் ஒரே ஒரு வேளை சாமைப் பொங்கலோ சாமை உப்புமாவோ போட்டால் ஆளுக்கு 100 கிராம் வீதம் 20 கிலோ. பள்ளி நடக்கும் 40 வாரத்துக்கு 800 கிலோ. உமியோடு கணக்கிட்டால் 1,300 கிலோவைத் தொடும். ஒரே பள்ளி, ஒரே வேளை! நாலைந்து பள்ளிகள் சேர்ந்தால் ஓர் இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடும், பல குடும்பங்களின் அறுவடைக்கு முன்கூட்டியே விலை சொல்லிவிடலாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது 1,545 பள்ளிகளில் மலைப்பகுதிப் பள்ளிகளும் சேர்ந்தே இருந்தன. வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூரில் விளையும் சிறுதானியத்தில் சிற்றுண்டி தர வேண்டும் என்ற குறிப்பு அரசாணையிலேயே உண்டு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. குறிப்புக்கும் கொப்பரைக்கும் நடுவே நிற்பது என்ன? பள்ளிச் சமையலறைக்கு ரவையும் சேமியாவும் பாக்கெட்டில் வந்துவிடுகின்றன; பக்கத்துக் கொல்லைச் சாமை உமியோடு நிற்கிறது. மறுபடியும் அதே உமி.

ஒடிசாவைப் பார். 2017இல் தொடங்கிய அதன் சிறுதானிய இயக்கம் பழங்குடி மாவட்டங்களைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. கேழ்வரகைப் பழங்குடி வளர்ச்சிக் கூட்டுறவுக் கழகம் ஆதரவு விலைக்கு வாங்கியது, பெண்கள் சுய உதவிக் குழுக்கள் அரவை இயந்திரங்களை நடத்தின, வாங்கியது ரேஷனிலும் அங்கன்வாடியில் கேழ்வரகு லட்டாகவும் அதே மக்களுக்குத் திரும்பியது. வயலிலிருந்து வாய் வரைக்கும் ஒரே கையால் கோத்ததுதான் அதன் பலம். தமிழ்நாடும் 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுத்துப் பார்த்தது. கேழ்வரகில் தொடங்கியது புத்திசாலித்தனம், உமிச் சிக்கல் இல்லை. கல்வராயனில் இதைத் தொடங்கினாலும் முதல் ஆண்டு கேழ்வரகு, அடுத்து சாமை என்று போவதே சரி. மலைப்பகுதிகளில் ரேஷன் கடை நடத்தும் லாம்ப் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வாங்கவும் தெரியும், விற்கவும் தெரியும். இரண்டையும் ஒரே தானியத்தில் செய்யச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சந்தை இதைத் தானே செய்யாதா, நகரத்தில் சாமை கிலோ நூறு ரூபாய்க்கு மேல் போகிறதே என்று உன் தோழி ஒருத்தி கேட்டதாகவும் எழுதியிருந்தாய். நகரச் சந்தையை நான் வெறுக்கவில்லை; மலைக்காரர் கையில் காசு வருமானால் நல்லதே. ஆனால் அதை மட்டும் நம்புவதன் ஆபத்தைப் பொலிவியா, பெரு நாட்டு மலைமக்களிடம் கேட்கலாம். அவர்களுடைய கினோவா தானியத்துக்காக ஐ.நா. 2013ஐச் சர்வதேச ஆண்டாகவே அறிவித்தது. விலை எகிறியது. உள்ளூர்க்காரர் வாயிலிருந்து பிடுங்கி மேல்நாட்டுக்காரர் தின்கிறார் என்று ஒரு கூச்சல் எழுந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்தக் கூச்சல் மிகை, விலையேற்றம் பல குடும்பங்களுக்கு நன்மையே செய்தது என்று காட்டின. அதோடு கதை முடியவில்லை. மற்ற நாடுகளும் விதைக்கத் தொடங்க, 2015 வாக்கில் விலை சரிந்தது, அதை நம்பி நிலத்தைத் திருப்பியவர்கள் தவித்தார்கள். நகரத்து மோகம் வரும், போகும். பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுதோறும் பசிக்கும். முதல் சந்தை எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சொந்த உணவை எப்படி மீட்பது என்ற இதே கேள்விக்குக் கனடாவின் வடகோடியிலும் ஏறத்தாழ இதே விடைதான் வந்து சேர்ந்தது. இனுவிட் மக்கள் வாழும் பனிப் பிரதேசத்துக்குக் கடைச்சாமானை விமானத்தில் ஏற்றிச் செல்லும் செலவுக்கு அரசு 2011 முதல் மானியம் கொடுத்தது, கடைகளுக்கு. அவர்கள் தாமே வேட்டையாடித் தின்னும் கடல்நாயும் கலைமானும் அந்த மானியத்தில் பெரும்பாலும் சேரவில்லை. வேட்டைக்குப் போக வண்டி, பெட்ரோல், தோட்டா என்று எல்லாமே எட்டாத விலை. 2020இல்தான் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் ஆகும் செலவுக்கே உதவித்தொகை வந்தது. எங்கே செலவு உறைக்கிறதோ அங்கே கொண்டுபோய்க் காசைக் கொட்டினார்கள்.

காட்டு உணவைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. வள்ளிக்கிழங்கு, தேன், காளான், நெல்லி, மழைக்காலக் கீரைகள் எல்லாம் இந்த மலையின் உணவில் சிறு பங்கு, ஆனால் தட்டில் வேறு எதுவும் தராத பங்கு. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உரிமை தந்திருக்கிறது. உரிமை சட்டத்தில் இருப்பதும், கூடையோடு காட்டுக்குள் போகிறவள் யாருக்கும் பயப்படாமல் போவதும் வேறு வேறு. இதை ஏழு நாளில் நீ தீர்க்கப்போவதில்லை; ஆனால் 'காட்டுக் கீரை சாப்பிடுங்கள்' என்று சுவரொட்டி எழுதும்முன் காட்டுக்குள் போக அவர்களுக்கு என்ன தடை என்று கேட்டுவிடு.

இனி உன் முகாம். பேரணி ஒரு மாலை நடக்கட்டும், பிள்ளைகளுக்கு உற்சாகம் வேண்டும். மற்ற நாட்களில் நீங்கள் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வீட்டுக்கு வீடு கேளுங்கள்: கடைசியாகச் சாமை விதைத்தது எந்த ஆண்டு, விதை யார் வீட்டில் இருக்கிறது, குத்த எவ்வளவு நேரம் ஆகும், மில்லில் உரித்துக் கொடுத்தால் எத்தனை சென்ட் நிலம் ஒதுக்குவார்கள். குத்தும் நேரத்தைக் கேட்டால் ஆண்கள் குறைத்துச் சொல்வார்கள், பெண்களிடம் தனியாகக் கேள். முடிந்தால் கடிகாரம் வைத்து ஒரு படி குத்தச் சொல்லிப் பார், நீயும் குத்து. ஊரில் மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது என்று எழுதிக்கொள். பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளியின் சமையலறைக்குப் போய் வாரப் பட்டியலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வாங்கு. சமையல் போட்டியை மட்டும் மாற்றிவிடு: பரிசை ருசிக்குக் கொடுக்காமல், அந்தச் சமையலறை அம்மாக்களே நடுவராக இருந்து, 200 பேருக்கு ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடியது எது என்று பார்த்துக் கொடுக்கட்டும். கிடைத்ததையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுது. எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர், எத்தனை கிலோ, எத்தனை பிள்ளைகள், இயந்திரத்தை எந்த ஊரில் வைத்தால் எல்லோருக்கும் நடக்கும் தூரம். ஒரு பிரதி ஊராட்சித் தலைவருக்கு, ஒன்று லாம்ப் சங்கத்துக்கு, ஒன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு. அக்டோபர் 2 கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தீர்மானத்தை அந்த ஊர்ப் பெண்களில் ஒருவர் படிக்கட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள்.

அன்புடன்,
உன் பெரியப்பா